விலங்கியல் பட்டத்துக்குப் பின் களச் சூழலியலா, ஆசிரியர் பணியா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். இளநிலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில்தான்.

கடந்த சனவரியில், தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களாகக் கலந்துகொள்ள எங்கள் துறைப் பேராசிரியர் எங்களில் சிலரை அனுப்பி வைத்தார். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை எங்கள் ஊருக்கு இவ்வளவு அருகிலேயே பார்க்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதைவிடவும் என்னைப் பிடித்துக்கொண்டது எண்ணும் முறைதான். ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே முதலில் பத்து வாத்துகளை எண்ணி, அந்தப் பத்தும் இருநோக்கியில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளந்து போகக் கற்றுக்கொடுத்தார்கள். இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தோம். இதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து வலுத்துக்கொண்டே வருகிறது.

அப்பா தையற்கடை வைத்திருக்கிறார். தம்பி பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதி, ஆசிரியராகிவிட வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். அவர்களுடைய கவலை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். முதுநிலையில் காட்டுயிர் உயிரியலைத் தேர்ந்தெடுத்தால் பிற்பாடு நிலையான வருமானம் கிடைக்குமா, தமிழ்வழியில் படித்த எனக்கு இத்துறையில் இடம் உண்டா, பெண்கள் களத்தில் தங்கிப் பணிபுரிவது நடைமுறையில் எப்படி இருக்கிறது, கற்பித்தலிலும் எனக்கு ஆர்வம் இருப்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறதா என்பவற்றை இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மழைக்காடு எழுதியது:

வணக்கம். நான் ஆனைமலைப் பகுதியில் சூழலியல் ஆய்வில் இருக்கிறேன். படிப்பு, வருமானம் பற்றிய பேச்சுக்குப் போகும் முன், இந்த வேலையில் நாள்தோறும் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பலரும் காட்டின் மீதுள்ள விருப்பத்தோடு வருகிறார்கள், ஆனால் அளவெடுப்பதில் விருப்பம் உள்ளவர்களே நிலைத்து நிற்கிறார்கள். வாத்துகளைப் பார்த்ததைவிட எண்ணிய முறை உங்களைப் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது.

கடமான், காட்டுமாடு போன்ற விலங்குகளின் அடர்த்தியை அறிய, முன்கூட்டியே குறித்து வைத்த நேர்கோட்டுப் பாதைகளில் விடியலில் மெதுவாக நடப்போம். ஒரு கூட்டம் தென்பட்டால் எத்தனை என்று எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. அந்த இடத்திலேயே நின்று, தொலைவை ரேஞ்ச்ஃபைண்டரிலும் கோணத்தைத் திசைகாட்டியிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றிலிருந்து, விலங்கு பாதைக்குச் செங்குத்தாக எவ்வளவு தள்ளி நின்றது என்பது கிடைக்கும். பாதையை ஒட்டி நிற்பவை எளிதில் கண்ணில் படும், தள்ளிப் போகப் போக நாம் தவறவிடுபவை கூடும். எந்த வேகத்தில் கூடுகிறது என்பதை நாம் அளந்த தொலைவுகளே சொல்லிவிடும் என்பதால், கண்ணுக்குத் தப்பியவற்றையும் சேர்த்து மதிப்பிட முடிகிறது. புலிகளுக்கு வேறு முறை. விலங்குப் பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு தானியங்கிக் கேமராக்களை முழங்கால் உயரத்தில் கட்டுவோம். ஒரே புலிக்கு இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறாக இருப்பதால், இரண்டு பக்கமும் படத்தில் விழுந்தால்தான் அது எந்தப் புலி என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

களத்தில் செலவிடும் காலத்துக்குக் குறையாத காலம் கணினி முன் கழியும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். புள்ளியியலும், 'ஆர்' என்ற கணினி மொழியும், 'கியூஜிஐஎஸ்' வரைபட மென்பொருளும் இப்போது தவிர்க்க முடியாதவை. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. முதுநிலை சேரும் வரை காத்திராமல் இப்போதே தொடங்கலாம். உங்கள் குளத்துப் பறவை எண்ணிக்கையையே தரவாக வைத்துப் பழகுங்கள்.

அடுத்து, பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் காட்டுக்குள் நடக்கும் வேலையையே எல்லோரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதன் கடினமான பாதி காட்டுக்கு வெளியே நடக்கிறது. வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை, காப்பித் தோட்டங்கள் நிறைந்த அந்தப் பீடபூமியைச் சுற்றிலும் காடு. யானைகள் தோட்டங்களின் ஊடாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் யானைகளைப் பின்தொடர்ந்து பதிவு செய்ததில், உயிரிழப்புகளில் பெரும்பாலானவை யானை அங்கே நிற்பது தெரியாமல் மனிதர்கள் எதிர்ப்பட்டதால் நேர்ந்தவை என்பது புலப்பட்டது. தெரியாமைதான் காரணமென்றால் தெரியப்படுத்துவதுதான் தீர்வு. மாலையில் யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்ற செய்தி உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் கைபேசிக் குறுஞ்செய்தியிலும் போகத் தொடங்கியது; யானை அருகில் இருந்தால் தொலைவிலிருந்தே தெரியும்படி சிவப்பு விளக்குகளும் நிறுவப்பட்டன. அந்தப் பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான எம். ஆனந்தகுமார் அவர்களுக்கு 2015இல், இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விளக்கை ஏற்றிவைக்கும் பொறுப்பைத் தோட்டத் தொழிலாளர்களும் ஏற்றுக்கொண்டதால்தான் அது இன்றும் நடக்கிறது.

பாறு கழுகுகளின் கதையும் அப்படித்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காப்பவர்கள் கூடுகளைக் கண்காணிப்பதோடு, கால்நடை மருந்தகங்களுக்கும் ஆடுமாடு மேய்ப்பவர்களின் வீடுகளுக்கும் ஏறி இறங்குகிறார்கள். டைக்ளோஃபினாக் மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், சிறுநீரகம் செயலிழந்து பாறும் இறந்துவிடும். கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான மருந்து பெரிய குப்பிகளில் கிடைத்ததால் அதையே மாடுகளுக்கும் போட்டார்கள். ஆகவே 2015இல் மனிதர்களுக்கான ஊசி மருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மருந்துக் கடைக்காரரிடமும் மேய்ப்பரிடமும் அவர்கள் ஏற்கும்படி பேசத் தெரிந்தவர்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆகவே கற்பித்தலில் ஆர்வம் இருப்பதை இத்துறையிலிருந்து உங்களை விலக்கும் ஒன்றாக எண்ண வேண்டாம். தமிழில் தெளிவாகப் பேசவும் எழுதவும் வருகிற களப்பணியாளர்கள் எங்களுக்குப் போதுமான அளவில் இல்லை.

படிப்பைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலேயே மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் கற்பிக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி வனவியலுக்கானது. உங்கள் ஊருக்கு அருகில் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. கடல் பக்கம் போக விரும்பினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் நெடிய மரபுடையது. தேசிய அளவில் டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் முதன்மையானவை. இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம், ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை நடக்கும் என்று எண்ணிக் காத்திருக்கவும் முடியாது. கல்லூரியின் பெயரைவிட நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு: முதுநிலை ஆய்வேட்டுக்காக எத்தனை மாதம் களத்தில் இருக்க விடுகிறார்கள், வழிகாட்டும் ஆசிரியர் இப்போதும் களத்துக்குப் போகிறவரா என்பதை அங்கே படித்தவர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதுநிலை முடித்த முதல் சில ஆண்டுகள் திட்டப் பணிகளில்தான் கழியும். ஒரு திட்டம் ஓராண்டோ மூன்றாண்டோ இருக்கும். முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். தன்னார்வ அமைப்புகளில் சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், தொடக்கத்தில் பெரும்பாலும் குறைவுதான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியலிலோ, யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலிலோ இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் நிலைமை மாறிவிடும். 2023 சனவரி முதல் அத்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், பிறகு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டம் வரை வீட்டுக்குப் பாரமாக இல்லாமல் படிக்க இதுவே நேர்வழி. வீட்டில் பேசும்போது இந்தத் தேர்வை முன்வைத்துப் பேசுங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களிலும் சூழலியல் வல்லுநர்களுக்கு இடம் உண்டு, சம்பளம் கூடுதல். ஆனால் திட்டம் போடுபவரே அறிக்கைக்கும் பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. பார்த்ததைப் பார்த்தபடி எழுத விடும் நிறுவனமா என்பதை அறிந்துகொண்டு சேர வேண்டும்.

ஆங்கிலம் வேண்டும்தான். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து முழுவதும் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். என் மாணவர்கள் பலருக்கு இது பயன்பட்டிருக்கிறது.


ஏரிக்கரைப் பள்ளி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். மழைக்காடு ஐயா ஆய்வுப் பக்கத்தை எழுதிவிட்டார். ஆசிரியர் பணியை, கனவு கைகூடாதபோது ஒதுங்கும் இடமாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்புறம் தாமிரபரணிப் பாசனக் குளம் ஒன்று இருக்கிறது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத் திட்டமான தேசிய பசுமைப் படை 2001-02ஆம் ஆண்டிலிருந்தே பள்ளிகளில் இயங்கி வந்தாலும், பல இடங்களில் அது மரக்கன்று நடுவதோடும் ஓவியப் போட்டியோடும் நின்றுவிடுகிறது. நட்ட கன்றை அடுத்த ஆண்டு போய்ப் பார்ப்பவர் இல்லை. நாங்கள் மன்றத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு வேலை கொடுத்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கரையில் குறித்து வைத்த அதே நான்கு இடங்களில் நின்று, மதகில் நீர்மட்டம் எவ்வளவு, ஆகாயத்தாமரை எதுவரை படர்ந்திருக்கிறது, என்னென்ன பறவைகள் எத்தனை என்று ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். வகுப்பு மாறினாலும் பேரேடு மாறாது. மேல்வகுப்புப் பிள்ளைகள் எழுதி வைத்ததைக் கீழ்வகுப்புப் பிள்ளைகள் தொடர்கிறார்கள்.

இதனால் என்ன விளைந்தது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். நத்தைகுத்தி நாரையின் அலகு முழுதாக மூடாது, நடுவில் ஒரு சந்து தெரியும். 'அலகு உடைந்த கொக்கு' என்று பிள்ளைகள் முதலில் எழுதினார்கள். நான் திருத்தவில்லை. எல்லா நாரைக்கும் ஒரே இடத்தில் எப்படி உடைந்திருக்கும் என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவர்கள் அறுவடை முடிந்த வயலில் உட்கார்ந்து கவனித்து, அது நத்தையை ஓட்டோடு பிடித்து, ஓட்டை நொறுக்காமல் உள்ளிருக்கும் சதையை மட்டும் இழுத்தெடுப்பதைக் கண்டார்கள். குஞ்சுக்கு அந்தச் சந்து இராது, வளர வளரத்தான் உண்டாகும் என்பதைப் பிறகு நான் சொன்னேன். தகவமைப்பு என்ற பாடத்தை அந்த ஆண்டு நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. அதே நத்தைகள் நாற்றைத் தின்பதால் மருந்தடிக்கும் விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். பெற்றோர் சிலர் என்னிடம் வந்து விவரம் கேட்டார்கள்.

மரங்களுக்கும் இப்படிச் செய்யலாம். 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேம்பையோ புங்கையோ சரக்கொன்றையையோ தத்தெடுத்து, தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் பதிவு செய்கிறார்கள். பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுத்து இ-பேர்டு தளத்தில் ஏற்றும் வழக்கமும் தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்து வருகிறது. இவை பிள்ளைகளுக்கான விளையாட்டு முயற்சிகள் என்று நினைக்க வேண்டாம். பறவைகளின் நிலை பற்றி இந்தியா முழுமைக்கும் வெளிவரும் அறிக்கைகள் இப்படிப் பொதுமக்கள் ஏற்றிய பதிவுகளைக் கொண்டே எழுதப்படுகின்றன.

நடைமுறைச் செய்தி ஒன்று. பட்டதாரி ஆசிரியராக இளநிலைப் பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள் ஆகியவை வேண்டும். முதுநிலை ஆசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். காட்டுயிர் உயிரியலில் முதுநிலை படித்தால், அது விலங்கியல் முதுநிலைக்கு இணையானது என்ற அரசாணை அந்தக் கல்லூரிப் பட்டத்துக்கு இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அதைத் தேடி அலைவது பெரிய வேதனை. நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தகுதி இருந்தால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் போகலாம்; கல்லூரியில் இருந்துகொண்டு கள ஆய்வைத் தொடர்பவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். உங்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்பிய பேராசிரியரும் அப்படிப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.


கடற்புல் எழுதியது:

தங்கை, பெண்கள் களத்தில் தங்குவது பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். பாக் விரிகுடாக் கரையில் கடற்புல் படுகைகள் தொடர்பான ஆய்வில் இருக்கிறேன்.

முதலில் வேலையின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு கடற்புல்லையே நம்பி வாழ்வது. அதை நேரில் காண்பது அரிது. நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் அது மேய்ந்த தடத்தைத்தான்: புல்தரையின் நடுவே நீளமாக ஒரு சால், வேரோடு பிடுங்கித் தின்ற அடையாளம். அத்தடம் எங்கே கிடக்கிறது, வலையில் தவறிச் சிக்கிய ஆவுளியாவை யார் விடுவித்தார்கள் என்ற செய்தியெல்லாம் மீனவர்கள் மூலமாகவே எங்களை வந்தடைகிறது. விலையுயர்ந்த வலையை அறுத்து ஓர் உயிரைக் கடலில் விடும் மனிதரின் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை இது. அந்த வீட்டுப் பெண்களிடம் பேச என்னால் முடிகிறது. உடன் பணியாற்றும் ஆண்களுக்கு அது எளிதல்ல. கடற்பாசி எடுக்கும் பெண்களுக்குக் கரையோரக் கடலின் அடித்தளம் நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்காமல் எழுதப்பட்ட கரையோர ஆய்வு எதுவும் முழுமையானதென்று நான் கருதவில்லை.

இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. பல மணி நேரம் கழிப்பறை கிடையாது. மாதவிடாய் நாள்களில் படகில் போவதும் ஈரத்தோடு இருப்பதும் கடினம். அந்த நாள்களில் தரவு உள்ளிடும் வேலையை எடுத்துக்கொள்வேன் என்று குழுவில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. முன்பு ஓர் அமைப்பில் நேர்காணலுக்குப் போயிருந்தேன். விபத்துக் காப்பீடு உண்டா என்று கேட்டதற்கு, இப்படிக் கேட்பவர்களுக்குக் களம் ஒத்துவராது என்றார்கள். அந்த வேலையை நான் ஏற்கவில்லை. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். முகாமில் உடன் தங்குபவர்கள் யார், வேறு பெண்கள் இருக்கிறார்களா, அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கைபேசித் தொடர்பு எங்கே கிடைக்கும், வண்டி இரவில் முகாமிலேயே நிற்குமா, பணி ஆணை எழுத்தில் தருவார்களா என்பவற்றையெல்லாம் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த நிறுவனமும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு வைத்திருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். தடுமாறினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போவதானால் பாம்புக்கடி பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் உரியது. மழைக்காட்டுக் குழிவிரியன்களின் நஞ்சுக்கு அது வேலை செய்வதில்லை. ஆகவே காட்டில் கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வைப்பதுதான் முதல் பாதுகாப்பு. அந்தப் பழக்கத்தை உடன் வரும் பழங்குடித் தோழர்கள் கற்றுத் தருவார்கள்: ஆனைமலையில் காடர்களும் மலசர்களும், உங்கள் பக்கத்து மலையில் காணிகளும். அவர்கள் இல்லாமல் நம் ஆய்வுகளில் பெரும்பாலானவை நடந்திருக்கவே முடியாது. ஆனால் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் மட்டுமே அவர்கள் பெயர் வருகிறது, சில நேரம் அதுவும் வருவதில்லை. உரிய ஊதியமும், தகுந்த இடத்தில் கட்டுரையாசிரியர்களில் ஒருவர் என்ற இடமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் உங்கள் தலைமுறை இன்னும் உறுதியாக நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வீட்டாரை ஒப்புக்கொள்ளச் செய்ய ஒரு வழி உண்டு. கோடை விடுமுறையில் உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு மாதம் பயிற்சி எடுங்கள். மணிமுத்தாற்றில், சூழலியல் ஆய்வு அமைப்பான அட்ரியின் அகத்தியமலைச் சமூகப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. நீங்கள் கலந்துகொண்ட கணக்கெடுப்பை 2011 முதல் நடத்தி வருபவர்களும் அவர்கள்தான். ஒரு நாள் அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்துப் போய், யாருடன் வேலை செய்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். என் வீட்டில் அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது.


பொருநைக்கரை எழுதியது:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு இவற்றை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உதவித்தொகை பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். முதுநிலைக்கு இந்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்றும், பி.எட். படிப்பைப் பிறகு முடிவு செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வனத்துறையிலேயே வேலைக்குப் போனால் அரசு வேலையாகவும் இருக்கும், உனக்குப் பிடித்ததாகவும் இருக்கும் அல்லவா என்று அவர் கேட்கிறார். அதைப் பற்றியும் யாராவது விளக்க முடியுமா?


பழைய சரகம் எழுதியது:

மகளே, நான் வனச்சரகராக இருந்து ஓய்வு பெற்றவன். உன் தந்தையின் கேள்வி சரியானதுதான். விலங்கியல் பட்டதாரிக்கு வனத்துறையில் பல வாயில்கள் உண்டு. இந்திய வனப்பணிக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் முதல்நிலை, குடிமைப் பணிகளுக்கு உரியதுதான். முதன்மைத் தேர்வு தனி, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அதில் தேறியபின் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். மாநிலத் தேர்வாணையம் உதவி வனப் பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. 2024ஆம் ஆண்டுக் குரூப் 4 தேர்வில் வனக்காப்பாளர், வனக்காவலர் இடங்களும் சேர்க்கப்பட்டன.

ஆனால் துறையில் சேர்ந்தால் ஆய்வு செய்யலாம் என்று நினைத்துச் சேராதே. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, யானை மிதித்த வாழைத் தோட்டத்துக்கு இழப்பீட்டுக் கோப்பு தயாரிப்பது, வேட்டை வழக்கில் மகஜர் (சம்பவ இடத்துப் பதிவு) எழுதி நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது, வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு மலை முகாமில் அரிசி தீராமல் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் சரகரின் நாள்கள். இந்த வேலைகள் ஒழுங்காக நடக்கிற சரகத்தில் காடு நன்றாக இருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், ஆகவே இதை எவருக்கும் குறைவான வேலையாகச் சொல்ல மாட்டேன். அளப்பதும் ஒப்பிடுவதும்தான் உனக்குப் பிடித்தவை என்றால் முதலில் முதுநிலையை முடி. வயது வரம்பு இடம் தரும், தேர்வை அதன் பிறகும் எழுதலாம். முதுநிலையில் படித்தது தேர்வுக்கும் உதவும்.

ஆய்வேட்டுக்காகக் களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகத்துக்குள் போவதாக இருந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை உன் கல்லூரி வழியாக, களப்பணி தொடங்கும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பிவிடு; நோக்கம், முறை, இடம், உடன் வருவோர் பெயர் எல்லாம் தெளிவாக இருந்தால் கோப்பு திரும்பி வராது. அனுமதி தாமதமானால் காப்பகத்துக்கு வெளியே, ஊர்க்குளங்களில் செய்யக்கூடிய மாற்றுத் தலைப்பு ஒன்றையும் கையில் வைத்திரு. ஆய்வு முடிந்ததும் சென்னைக்கு அனுப்பும் அறிக்கையோடு, முடிவுகளைத் தமிழில் நான்கைந்து பக்கம் எழுதிச் சரக அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடு. நான் பணியில் இருந்த காலத்தில் பலர் வந்து ஆய்வு செய்தார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தவர்களின் அறிக்கையை மட்டும்தான் முகாமில் இருந்த காவலர்கள் படித்தார்கள். அடுத்த ரோந்தில் எந்த ஓடையைக் கவனிக்க வேண்டும் என்று அதைப் பார்த்து அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.